தாய்மாமன் நிற்கும் இடம்

அன்புள்ள கயலுக்கு,

போன வாரம் நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில், மரப்பாலத்தின்மேல், நீயும் மாப்பிள்ளையும் லைஃப் ஜாக்கெட்டோடு நிற்கிறீர்கள். அவருடைய அப்பா அம்மாவும் கூட இருக்கிறார்கள். ‘இந்தக் காட்டுலதான் எங்கம்மா சின்ன வயசுல தனியா கெடந்தாங்கன்னு சொன்னேன், அத்தை அழுதுட்டாங்கம்மா’ என்று கீழே எழுதியிருந்தாய். அழட்டும், நல்ல மனசு. அன்று சாயங்காலமே உன் அப்பா கல்யாணப் பத்திரிகையின் புரூஃபை என் போனுக்கு அனுப்பினார். தாய்மாமன் என்று போட்டிருந்த இடத்தில், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற அவருடைய சிநேகிதரின் பெயர் இருந்தது. அந்த மனிதர் இன்றுவரை என்னை மேடம் என்றுதான் கூப்பிடுகிறார். இந்த வயதில் எனக்கே தெரியாமல் எனக்கு ஓர் அண்ணன் பிறந்திருக்கிறான்.

உடனே உனக்குப் போன் செய்தேன். “அம்மா, நீடாமங்கலம் மாமா வரட்டும்மா, யாரு வேணாங்கறா? முன்வரிசையிலயே உக்காரட்டும். மணவறைக்கு மட்டும் வேணாம். அவங்க வீட்ல நாலு பேரு நாலு விதமா கேப்பாங்க. இந்த ஒரு தடவ விட்டுடேன்” என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், அப்பா நடுவில் போனை வாங்கி ‘சரி சரி, அப்புறம் பாத்துக்கலாம்’ என்பார். முப்பது வருடமாக நம் வீட்டில் எல்லாச் சண்டையும் இப்படித்தான் முடிகிறது. அதனால்தான் எழுதுகிறேன். இதை நீ தனியாகப் படித்தாலும் சரி, உன் மாமியாரிடம் வாசித்துக் காட்டினாலும் சரி, எனக்கு ஆட்சேபணை இல்லை.

நீ என் கதையை நன்றாகச் சொல்கிறாய். உன் ஆபீஸில் சொல்லியிருக்கிறாய், மாப்பிள்ளையிடம் முதன்முதலில் பேசியபோதே சொல்லியிருக்கிறாய். புயல், கவிழ்ந்த படகு, காட்டில் ஒரு சின்னப் பெண், நரிகள், கடைசியில் ‘யாரோ வந்து காப்பாத்துனாங்க’. இந்த ‘யாரோ’ என்கிற ஒரு சொல்லில் நீ ஒரு முழு மனிதனைத் தாண்டிப் போய்விடுகிறாய். சின்ன வயதில் உனக்கு நான் சொன்ன கதையில் அவன் பெயர் இருந்தது. நீ வளர வளர, கேட்பவர்கள் பெரிய ஆட்களாக ஆக ஆக, அந்தப் பெயர் உதிர்ந்துபோனது. உனக்கே அது தெரிந்திருக்காது. அதனால் கதையை நானே ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். மழைக்காலத்தில் பெரிய கடலுக்குப் போக முடியாது என்பதால் எங்கள் குப்பத்து ஆட்கள் சின்னப் படகுகளை அலையாத்திக் காட்டுக்குள் கொண்டுபோய் நண்டும் இறாலும் பிடிப்பார்கள். அன்று அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் போனோம். புயல் வருகிறது என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். இன்னும் நேரம் இருக்கிறது என்று அப்பா நினைத்தார், அவ்வளவுதான் அவர் செய்த தப்பு. மதியத்துக்கு மேல் காற்று திரும்பியது. படகு கவிழ்ந்தபோது ஒரு தடவை அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், பிறகு பார்க்கவில்லை. அம்மா என் தலைமுடியைப் பிடித்து இழுத்துப்போய் ஒரு மரத்தில் ஏற்றினாள். சேலையை அவிழ்த்து என்னை மரத்தோடு சேர்த்துக் கட்டினாள். அவள் தொடையைப் படகின் பலகை கிழித்திருந்தது. காற்று ஓய்ந்த பிறகு என்னிடம் என்னென்னவோ பேசினாள். அதில் ஒன்றுதான் எனக்கு நினைவிருக்கிறது. “சேத்துல நிக்காத, உள்ள இழுத்துரும். படுத்து ஊந்து போ.” மறுநாளோ அதற்கு மறுநாளோ அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மரப்பாலத்தின்மேல் நின்று பார்த்தால் அது அழகான காடுதான். கீழே இறங்கினால் தரை என்று ஒன்று கிடையாது. இடுப்புவரை சேறு, சேற்றிலிருந்து ஆணி அடித்ததுபோல் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வேர்கள். அம்மா சொன்னபடி படுத்து ஊர்ந்து போனேன். வேரில் ஒட்டிக்கொண்டிருந்த ஆளிச் சிப்பியைக் கட்டையால் உடைத்து உறிஞ்சியதில் உதடு கிழிந்தது. உப்புக் கரிக்கும் உமரிக்கீரையைப் பிடுங்கித் தின்றேன், தாகம் இன்னும் அதிகமானது. மழை பெய்யும்போது அம்மாவின் சேலையை விரித்து நனையவிட்டுப் பிழிந்து குடித்தேன். முதலில் உப்பாகத்தான் வந்தது, பல மழை பெய்த பிறகுதான் வாயில் வைக்க முடிந்தது. தில்லை மரம் என்று தெரியாமல் கிளையை ஒடித்தேன், அதன் பால் கண்ணில் தெறித்து ஒரு கண் மூடிக்கொண்டது. என் இடது கண் மங்கியது சர்க்கரையால் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது இந்தக் கண்தான்.

நரிகள் வந்தன, பகலிலேயே வந்தன. அவற்றுக்கு நான் தேவையில்லை, அம்மாதான் தேவை. நான் சேற்றை அள்ளி எறிந்தேன். தொண்டை வற்றிச் சத்தம் வராமல் போகும்வரை கத்தினேன். கொஞ்சம் விலகிப் போய் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கும், பிறகு மறுபடி வரும். எத்தனை நாள் இப்படி என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. ஒரு நாள் தண்ணீர் பெரிதாக ஏறி வந்து அம்மாவை எடுத்துக்கொண்டு போனது. எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை நீ மாப்பிள்ளை வீட்டில் சொல்லமாட்டாய், சொல்லவும் முடியாது. ஆனால் அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, இனிமேல் காவல் காக்க வேண்டாம் என்று.

உன் மாமா முருகையனுக்கு அப்போது பதினெட்டு வயது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு மிராசுதாரின் பண்ணையில் வேலை ஆள். புயல் வெள்ளத்தில் பண்ணையின் உழவு மாடுகள் கோரையாற்றோடு போய்விட்டன. மாடு இல்லாமல் திரும்பி வராதே என்று அவனை அனுப்பிவிட்டார்கள். அவனும் ஆற்றங்கரையோடு நடந்து, ஒதுங்கிக் கிடந்த செத்த மாடுகளையெல்லாம் புரட்டிக் கொம்பில் பண்ணை அடையாளம் தேடிக்கொண்டே, கடைசியில் ஆறு முடிகிற இடத்துக்கே வந்துவிட்டான். மீன்காரர் ஒருவர் பரிதாபப்பட்டுப் படகில் ஏற்றிக் காட்டுக்குள் ஒரு திட்டில் இறக்கிவிட்டு, திரும்பும்போது கூட்டிக்கொள்கிறேன் என்று போயிருக்கிறார். சேற்றில் ஏதோ அசைவதைப் பார்த்து, மாடு என்று நினைத்துத்தான் அவன் என் பக்கம் வந்தான். வந்து தூக்கினான். நான் அவன் மணிக்கட்டைக் கடித்தேன். எலும்பில் பல் படுகிற மாதிரிக் கடித்தேன். அவன் கையை உதறவில்லை. “கடி. நல்லா கடிச்சுக்க. கடிச்சு முடிச்சுட்டு வா, போவலாம்” என்றான்.

இப்போது சொல்லப்போவதை நான் உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. அவன் இடுப்புத் துணியில் ஒரு சோற்றுப் பொட்டலம் இருந்தது. வழியில் ஏதோ காலனியில் சொந்தக்காரர் வீட்டில் படுத்திருந்துவிட்டு வந்திருக்கிறான், அவர்கள் வாழை இலையில் கட்டிக்கொடுத்த புளிச்சோறு. என் கண் அந்தப் பொட்டலத்தை விட்டு நகரவில்லை. அவன் அதைப் பிரிக்கப் போனவன் நின்றுவிட்டான். “நீ யாரு வூட்டுப் புள்ள? குப்பத்துப் புள்ளையா, ஊருக்குள்ள உள்ள புள்ளையா? எங்க வூட்டுச் சோத்த நீ திங்கலாமா?” என்று கேட்டான். அவன் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தான். அந்தக் காட்டில் எங்கள் இரண்டு பேரையும் நண்டுகளையும் தவிர யாரும் இல்லை. இருந்தாலும் பார்த்தான். பிறகுதான் இலையைப் பிரித்து என் முன்னால் வைத்தான். “யாராச்சும் கேட்டா நீயா எடுத்துத் தின்னுட்டன்னு சொல்லிடு, என்னா?” என்றான். ஒரு குழந்தை சாகக் கிடக்கும்போது ஒருவன் இப்படியெல்லாம் யோசிப்பானா என்று நீ கேட்பாய். நம் பக்கத்தில் யோசிப்பான். யோசிக்காமல் கொடுத்தவர்கள் வாங்கிய அடியை அவன் பார்த்திருந்தான்.

மீன்காரர் படகில் எங்களைக் கரைக்குக் கொண்டுவந்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் புயல் முகாம் நடந்தது, அங்கே என்னை விட்டுவிட்டு அவன் ஊருக்குத் திரும்பினான். மாடு இல்லாமல் வந்ததற்குக் களத்துமேட்டில் வைத்து அவனை அடித்தார்கள். முதுகு ஆறிய பிறகு அவனுடைய அம்மா அஞ்சலையைக் கூட்டிக்கொண்டு மறுபடி முகாமுக்கு வந்தான். அந்த நேரத்துக்குள் மற்றப் பிள்ளைகளையெல்லாம் யாராவது வந்து அழைத்துப் போயிருந்தார்கள். எங்கள் குப்பம் இருந்த இடத்தில் மணல்தான் இருக்கிறது என்றார்கள். அஞ்சலை அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, “தலையில பேனு மண்டிக் கெடக்கு, வா” என்று இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் இடுப்பில் தூக்குகிற வயதைத் தாண்டியிருந்தேன். நீடாமங்கலம் வரைக்கும் அவளும் அவனும் மாற்றி மாற்றித் தூக்கினார்கள்.

தை அறுவடை முடிந்த சமயத்தில் என் பெரியப்பா, எங்கள் அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன், யாரோ சொல்லி என்னைத் தேடிக்கொண்டு வந்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ரோட்டிலேயே நின்று ஆள் விட்டுக் கூப்பிட்டார். நான் ஓடினேன். என் தலையில் கையை வைத்து, “தம்பி மூஞ்சி அப்படியே இருக்கே” என்று அழுதார். பின்னாலேயே வந்த அஞ்சலை அம்மாவைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் இருந்த எங்கள் காலனித் தெருவைப் பார்த்தார். “இத்தினி நாளா இது சோறு எங்க தின்னுச்சு?” என்று கேட்டார். அஞ்சலை அம்மா பெருமையாகச் சொன்னாள்: “எங்க வூட்லதாங்க. மொத நாளு காட்டுலயே எம் மவன் சோறு குடுத்துட்டாங்க. இப்ப நல்லாவே தின்னுது.” பெரியப்பா என் தலையிலிருந்து கையை எடுத்தார். “வூட்ல கேட்டுட்டு வந்து அழைச்சிட்டுப் போறேன்” என்றார். நான் தினமும் வாய்க்கால் மதகில் போய் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அஞ்சலை அம்மா வந்து, “கஞ்சி ஆறுது, வா” என்றாள். அதற்குப் பிறகு நான் மதகுக்குப் போகவில்லை.

அன்றைக்குத்தான் முருகையன் அண்ணன் மனதில் ஒரு பைத்தியக்காரத்தனம் புகுந்துகொண்டது. தான் கொடுத்த சோற்றால்தான் நான் சொந்தத்தை இழந்தேன் என்று அவன் நம்ப ஆரம்பித்தான். “கொஞ்ச நேரம் பொறுத்திருந்தா மீன்காரரு வந்திருப்பாரு தங்கச்சி, அவுரு குடுத்திருப்பாரு. நான் அவசரப்பட்டுட்டேன்” என்பான். நான் வளர்ந்த பிறகு எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். மீன்காரர் வரும்வரை நான் உயிரோடு இருந்திருப்பேனா என்று கேட்டிருக்கிறேன். தலையை ஆட்டுவான், காதில் ஏறாது. அந்த நினைப்போடுதான் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தான், சைக்கிளில் கொண்டுபோய் விட்டான், கூலி வேலை செய்து என்னைப் படிக்க வைத்தான். நான் பால்வாடி டீச்சர் ஆன அன்று தெருவுக்கே சர்க்கரை கொடுத்தான். என்னைத் தவிர வேறு யாருக்காவது அவன் இவ்வளவு செய்திருந்தால் அதைப் பாசம் என்று சொல்லியிருப்பான். எனக்குச் செய்ததை மட்டும் அவன் பிராயச்சித்தம் என்று நினைத்துக்கொண்டே செய்தான், அதுதான் எனக்கு வருத்தம்.

என் ஆட்கள் யார் என்று நானும் தேடாமல் இல்லை. வேலைக்குப் போன புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டைத் தேடிப் போனேன். குப்பத்தைக் கொஞ்சம் தள்ளிப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். பெரியப்பா இறந்துபோயிருந்தார். அவருடைய மகன் வாசலிலேயே நின்று, “மனைல பங்கு கேட்டு வந்தியா?” என்று கேட்டான். முகம் அப்படியே எங்கள் அப்பா முகம். இல்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றேன். “பாத்தாச்சுல்ல” என்றான். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அழுகை வரவில்லை, பசித்தது. நீடாமங்கலத்தில் இறங்கி நேராக அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சட்டியில் இருந்ததையெல்லாம் வழித்துத் தின்றேன்.

உன் அப்பா நல்லவர். ஆனால் நல்லவர்கள் பலர் வாயைத் திறப்பதில்லை. நீ கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் அதை மட்டும் கவனித்துக்கொள். எங்கள் கல்யாணப் பேச்சு வந்தபோது, மீனவர் வீட்டுப் பெண், புயலில் எல்லோரும் போய்விட்டார்கள், அநாதை என்று சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் ஒத்துக்கொள்வார்கள் என்றார். எனக்குக் கோபம் வந்தது. அண்ணன்தான் கெஞ்சினான், “எங்களச் சொல்லாத, நீ நல்லாருந்தா போதும்” என்று. அவர் சொன்னபடியே ஒத்துக்கொண்டார்கள். அநாதை என்றால் பாவம் என்பார்கள், காலனியில் வளர்ந்தவள் என்றால் பாவம் என்று சொல்லமாட்டார்கள். கடல் என்னை ஒரு தடவைதான் அநாதை ஆக்கியது. அதற்குப் பிறகு ஆக்கியதெல்லாம் மனிதர்கள்.

உண்மை எத்தனை நாள் மறையும்? நீ பிறப்பதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. உனக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடியில் உட்கார்த்தி வைக்க வேண்டும். அண்ணன் பட்டுப் பாவாடையும் தோடும் எடுத்துக்கொண்டு கோயிலுக்கு வந்துவிட்டான். உன் அப்பா வீட்டார் தோட்டை வாங்கிக்கொண்டார்கள், அவனைக் குளத்தங்கரையில் நிற்கச் சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் மடியில் உன்னை வைத்தார்கள். நான் போட்ட சண்டையில் காது குத்த வந்த ஆசாரியே பயந்துபோனார், ஆனாலும் தோற்றேன். நீ பெரிய மனுஷி ஆனபோது மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்ட வேண்டும். அவன் நல்ல ஓலையாகப் பார்த்து வெட்டி, வேன் பிடித்துக் கொண்டுவந்து இறக்கினான். குடிசையை வேறு யாரோ கட்டினார்கள். அன்றைக்கும் சண்டை போட்டேன். அவனே என் கையைப் பிடித்து, “நல்ல நாளும் அதுவுமா வேணாம் தங்கச்சி” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டான். குடிசைக்குள் உட்கார்ந்திருந்த உனக்கு இதெல்லாம் தெரியாது.

ஆனால் அவனை உனக்குத் தெரியும். முழுப் பரீட்சை லீவு விட்டால் மாமா வீட்டுக்குத்தான் போவேன் என்று நீ அடம்பிடிப்பாய். அவன் வயலில் சேறு அப்பிக்கொண்டு நிற்பாய், அவன் தட்டிலேயே கைவிட்டுச் சாப்பிடுவாய். உனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது தினமும் முதல் பஸ்ஸில் கீழாநெல்லி பறித்துக்கொண்டு தஞ்சாவூர் வந்தது உன் அப்பாவின் சிநேகிதர் இல்லை. நீ படித்தாய், சென்னைக்குப் போனாய், நல்ல சம்பளம் வாங்குகிறாய், எனக்கு எல்லாம் சந்தோஷம்தான். ஒன்றே ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். ஒருவரை முன்வரிசையில் உட்கார வைப்பது மரியாதை என்று நீ நினைக்கிறாய். அவருடைய இடம் வேறு எங்கோ இருக்கும்போது அது மரியாதை இல்லை, ஒதுக்கி வைப்பதில் கொஞ்சம் நாகரிகமான முறை.

நேற்று அவனைப் பார்க்கப் போனேன். அன்று பண்ணை ஆளாக இருந்தவன் இப்போது சொந்தமாக மூன்று மா, ஒரு ஏக்கர் அளவுக்கு, நிலம் வைத்திருக்கிறான். மழையில் சாய்ந்த பயிரைப் பார்த்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தான். பத்திரிகை விஷயம் எப்படியோ அவனுக்குத் தெரிந்திருந்தது.

“எம் பேரப் போட வேணாம் தங்கச்சி. புள்ள மனசு கோணாம நடக்கட்டும். நான் கடைசிப் பந்தியில வந்து சாப்புட்டுப் போறேன்.”

“நீ வரலன்னா நானும் போகல.”

“கிறுக்குத்தனமா பேசாத. ஒரு தடவ நான் அவசரப்பட்டு ஒன்ன ஆளுங்க இல்லாம ஆக்கிட்டேன். இப்ப ஒம் பொண்ணுக்கும் அதையே செய்யச் சொல்றியா?”

கயல், அறுபத்துநாலு வயதில் இதைச் சொல்கிறான். நரியிடமிருந்து தூக்கி வந்தவன், மாட்டுக்குப் பதில் என்னைக் கொண்டுவந்து அடி வாங்கியவன், இன்னமும் தன்மேல்தான் குற்றம் என்கிறான். என் பெரியப்பா அன்று கையை எடுத்தது அவருடைய குற்றம். உன் அப்பா வீட்டார் செய்தது அவர்களுடைய குற்றம். அதையெல்லாம் அவன் ஒருவனே சுமந்துகொண்டிருக்கிறான். நான் எவ்வளவு சொன்னாலும் அவன் நம்பப்போவதில்லை, ஏனென்றால் நான் அவன் தங்கை, அவனுக்காகத்தான் பேசுவேன் என்று நினைக்கிறான். நீ சொன்னால் நம்புவான். வாயால் சொல்ல வேண்டாம், ஊர் பார்க்க அவன் கையால் மாலையை வாங்கிப் போட்டுக்கொண்டு, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மணவறைக்கு நடந்தால் போதும். அவனுக்கு வேறு யாராலும் இதைச் செய்ய முடியாது. அவனுக்கும் வயதாகிவிட்டது.

மாப்பிள்ளை வீட்டில் கேட்டால், காட்டில் அழுதார்களே அதே அத்தையிடம், அந்தக் காட்டிலிருந்து அம்மாவைத் தூக்கி வந்தவர் இவர்தான் என்று சொல். அதற்குப் பிறகும் அவர்கள் முகம் மாறினால், தாலி ஏறுவதற்கு முன்னால் அது உனக்குத் தெரிந்துவிடுவது நல்லது.

முகூர்த்தத்துக்கு முதல் நாளே நான் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன். காலையில் அவனை எப்படியாவது பஸ்ஸில் ஏற்றி மண்டப வாசலுக்குக் கொண்டுவருவேன். நீ வாசலுக்கு வந்து அவனைக் கூப்பிட வேண்டும். நீ வரவில்லை என்றால் அவன் உள்ளே நுழைய மாட்டான், அவனை ரோட்டில் விட்டுவிட்டு நானும் நுழைய மாட்டேன். இதை மிரட்டல் என்று உன் அப்பா சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

என் கல்யாணத்தைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். கோயிலில் தாலி கட்டுவதற்கு முன்னால் ஐயர், பெண்ணின் தாயார் எங்கே என்று கேட்டார். இல்லை என்று சொன்னார்கள். அப்போது அஞ்சலை அம்மா எதிர்ச்சாரியில் ஒரு சைக்கிள் கடை ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மேளச் சத்தம் கேட்டதும் எழுந்து நின்று, முந்தானையில் முடிந்து வைத்திருந்த மஞ்சள் அரிசியை அங்கிருந்தபடியே என்னை நோக்கித் தூவினாள். அது ரோட்டில் விழுந்தது, ஒரு பஸ் அதன்மேல் ஏறிப் போனது. பெற்றவளைப் போன்றவள் வெளியே உயிரோடு நிற்கும்போது, தாயில்லாத பெண்ணாகத் தலையைக் குனிந்து தாலி வாங்கிக்கொள்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உனக்கு அது தெரிய வேண்டாம். வாசலுக்கு வா.

அம்மா